இருட்டில் விளைந்த இருபத்தோரு சட்டி

நான்காவது மாடியின் கடைசி வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த பிளாக்கின் சுவர் நிற்கும். கண்மாயில் மண்ணைக் கொட்டி இந்த வீடுகளைக் கட்டியவர்கள் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கொஞ்சம் வெயிலும் இறங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டதால், உச்சிப்பொழுதிலும் அங்கே விளக்கைப் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும், துவைத்த துணி மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும், ஊறுகாய் பூத்துப்போகும். ஏழு வருஷமாக அந்த இருட்டைத் திட்டிக்கொண்டே குடியிருந்த இருளாயிக்கு, அதே இருட்டால் ஒரு மரியாதை வந்து சேர்ந்தது, ஓர் ஆடி மாதத்தில்.

முளைப்பாரிக்கு இருட்டு வேண்டும். சட்டியில் வைக்கோலும் எருவும் பரப்பி, ஒன்பது வகைத் தானியத்தை ஊறவைத்துத் தூவி, வெளிச்சம் படாத வீட்டில் ஒன்பது நாள் மூடிவைத்து, பெண்கள் மட்டும் தினமும் தண்ணீர் தெளித்து, சாயங்காலத்தில் அதைச் சுற்றிக் கும்மி கொட்டி வளர்ப்பார்கள். ஆண்கள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, கண்ணாலும் பார்க்கக் கூடாது. பத்தாம் நாள் வெளிறிய மஞ்சளாய் நிற்கும் முளைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் கரைத்தால் திருவிழா முடிந்தது. அதுவரை கையில் கட்டிய காப்பை அவிழ்க்கக் கூடாது, கவிச்சி சமைக்கக் கூடாது, வெளியூரில் போய் இரவு தங்கக் கூடாது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த காலத்தில் இதற்கென்று ஒரு வீடு ஒதுக்கிவைத்திருந்தார்கள். இங்கே வந்ததிலிருந்து நின்றுபோயிருந்த முளைப்பாரியை அந்த வருஷம் திரும்ப எடுக்க நினைத்து வீடு தேடினார்கள். எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு பக்கம் வெளிச்சம் வந்தது, இருளாயியின் வீட்டைத் தவிர.

கீழே இட்லிக் கடை வைத்திருப்பவளும், கும்மிப் பாட்டில் முதல் அடி எடுத்துக் கொடுப்பவளுமான பஞ்சவர்ணம் இருபது பெண்களை அழைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு, குகையாட்டம். ஆனா உள்ள ஆம்பள இருக்காரே."

உள்ளே இருந்தது இருளாயியின் கணவன் சன்னாசி. இருபத்திரண்டு வருஷம் தானிய மண்டியில் மூட்டை தூக்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரிக்குச் சாய்த்து வைத்த பலகை நழுவி, முதுகில் உளுந்து மூட்டையோடு விழுந்ததில் இடுப்பு நொறுங்கி, அன்றிலிருந்து சுவரோரம் இரும்புக் கட்டிலில் படுத்திருப்பவன். மின்தூக்கி இல்லாத கட்டடம் என்பதால் அன்று மேலே தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி, கீழே இறங்கவே இல்லை.

இருளாயி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். ஏழு வருஷத்தில் இந்த பிளாக்கில் யாரும் அவளிடம் வந்து ஒன்றும் கேட்டதில்லை. இன்று இருபத்தோரு பேர் வாசலில் நின்று கேட்கிறார்கள். வாய்க்கு வந்த பதிலை அவள் நிறுத்தி யோசிக்கவில்லை.

"அவர எதுக்கு மதினி கணக்குல எடுக்கிறீங்க? கட்டில், பீரோ மாதிரி அவரும் ஒரு மூலையில கெடக்காரு. ஒரு சேலைய மறச்சுக் கட்டிட்டாப் போச்சு."

பெண்கள் சிரித்தார்கள். "அப்பச் சரி. கட்டில் பீரோவுக்கெல்லாம் ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றாள் பஞ்சவர்ணம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் காதில் விழாத பேச்சு என்று ஒன்று கிடையாது. அன்று மாலையே கட்டிலைச் சுற்றி ஒரு நீலச் சேலை தொங்கியது, அறை முழுக்க இருபத்தோரு சட்டிகள் வந்து உட்கார்ந்தன. ராத்திரி சேலைக்கு அடியில் இருளாயி தள்ளிவைத்த சோற்றுத்தட்டு, தள்ளிவைத்தபடியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. காலையில் ஒரு சொம்பு நீராகாரம், பொழுது சாய ஒரு டம்ளர். அது மட்டும் உள்ளே போயிற்று. பேச்சு ஒன்றும் வெளியே வரவில்லை.

பத்தாம் நாள் மேளம் வந்து நின்றது. பெண்கள் தலைக்குளித்து, மஞ்சள் சேலை கட்டி, சட்டியைத் தூக்கக் குனிந்தார்கள். சட்டி வரவில்லை. பஞ்சவர்ணம் தன் சட்டியை அசைத்துப் பார்த்தாள், இரண்டு பேராய்ப் பிடித்துப் பார்த்தார்கள், நான்கு பேராய்ப் பிடித்துப் பார்த்தார்கள், தரையோடு தரையாக அது அப்படியே இருந்தது. கீழ்வீட்டு ஜெசிந்தா, மூன்றாவது மாடியிலிருந்து ஏறி வந்து வாசலுக்கு வெளியே நின்று மரியாதையாகச் சொன்னாள்.

"அக்கா, எங்க வீட்டுக் கூரையில வேர் தொங்குது. விடியக்காலைலருந்து. தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

வேர் சட்டியைத் துளைத்து, சிமெண்டுத் தரையைத் துளைத்து, கீழ்வீட்டு ஃபேனைச் சுற்றி வெள்ளை நூலாய் இறங்கியிருந்தது. மேலேயோ முளைகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்து, நெல்லும் கம்பும் சோளமும் கேழ்வரகும் உளுந்தும் பாசிப்பயறும் தட்டையும் மொச்சையும் துவரையும் ஒன்றுபோலத் தலையைச் சாய்த்து, நீலச் சேலை தொங்கிய பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

பஞ்சவர்ணம் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு மேளக்காரர்களிடம் போய், "இன்னைக்கு இல்லப்பா. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். கரைக்காத வரை காப்பு அவிழ்க்க முடியாது என்பதை அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நூற்று அறுபது வீடும் கையில் மஞ்சள் கயிற்றோடு அப்படியே நின்றது, பதினோராம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள்.

அந்த பிளாக்கு அதற்கும் பழகிக்கொண்டது. பயிர் வளரும் வேகத்தைப் பற்றி முதல் வாரம் பேசினார்கள், இரண்டாவது வாரம் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசும்போது நடுவில் அதையும் பேசினார்கள். உள்ளே போகக் கூடாத ஆண்கள் சாயங்காலம் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து, இறங்கிவரும் பெண்களிடம் "இப்ப எம்புட்டு?" என்று கேட்பார்கள், பெண்கள் நடந்துகொண்டே கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள், அடுத்த வாரம் நெஞ்சில் வைத்துக் காட்டினார்கள். கறிக்கடைக்காரர் கடையைப் பாதி அடைத்துக் காய்கறி போட்டுப் பார்த்தார், கத்தரிக்காயையும் அவர் எலும்போடு வெட்டுவதுபோல் ஓங்கி வெட்டுவதாகப் பெண்கள் சொன்னார்கள். சிவகாசியிலிருந்து மச்சினன் வீட்டுக்கு இரண்டு நாள் வந்த ஒருவர், வந்த இடத்தில் காப்புக் கட்டிக்கொண்டதால் திரும்பிப் போக முடியாமல், படிக்கட்டுக்குக் கீழே ஓர் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு தொழிலே தொடங்கிவிட்டார். அவர் மனைவி தினமும் போனில் கூப்பிட்டு, "இன்னும் எத்தன நாளுதான் அந்தப் பயிரு வளரும்?" என்று கேட்க, அவர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, "அது எங்கையிலயா இருக்கு?" என்பார்.

ஜெசிந்தா தன் கூரையிலிருந்து இறங்கிய வேர்களைக் குழம்பில் விழாமல் சீவி, மூன்று கால் எடுத்துப் பின்னி, நுனியில் ரிப்பன் கட்டிவைத்தாள். காப்புக் கட்டாத வீடு அவளுடையது ஒன்றுதான், ஆனாலும் மீன் வாங்குவதை அவள் நிறுத்திவிட்டாள். "சட்டம் எனக்கு இல்லக்கா, சரிதான். வாசன இருக்கே, அது மதம் பாத்தா போகுது?" என்றாள் இருளாயியிடம். இருளாயி இப்போது அவள் அடுப்படியில்தான் சமைத்தாள், ஏனென்றால் தன் வீட்டில் அடுப்பு மூட்டவும் இடமில்லை. வராந்தாவில் பாய் போட்டுப் படுத்து, விடியக்காலையில் குடத்தோடு உள்ளே போய், ஒரு பக்கமாய் உடம்பைச் சாய்த்து நுழைந்து தண்ணீர் தெளிப்பாள். வெயிலையே பார்க்காத பயிர்கள் பச்சையாகவில்லை. மெழுகுவர்த்தியின் நிறத்தில், உரித்த வெங்காயத்தின் நிறத்தில், அறை முழுக்க நின்றன. தட்டைப்பயறு ஃபேன் கம்பியைச் சுற்றிக்கொண்டு போயிற்று, மொச்சைக் கொடி டிவியை மூடிப் பூத்தது. இத்தனைக்கும் நடுவே சேலைக்குப் பின்னால் ஒருவன் மூச்சு விடும் சத்தம் அவளுக்குக் கேட்கும். பயிர்கள் அந்த மூச்சுக்கு அசைவதுபோல் இருக்கும், அவள் நின்று பார்த்தால் அசையாது.

அது ஏன் அவன் பக்கமே சாய்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷ மண்டித் தூசி முதுகில் ஊறியிருக்கும் என்றாள் ஒருத்தி. அந்த மூலை சுவர் வெதுவெதுப்பு என்றாள் இன்னொருத்தி. பஞ்சவர்ணம் காரணம் சொல்லவில்லை. அவளுக்குப் பாட்டுத் தீர்ந்துபோனதுதான் கவலையாக இருந்தது. ஒன்பது நாளைக்கு என்று இருந்த பாட்டை முப்பது நாள் பாட முடியாது. அதனால் புதிதாகக் கட்டினார்கள், ரேஷன் கடைப் பாமாயிலைப் பாடினார்கள், மோட்டார் ரிப்பேரைப் பாடினார்கள், அதுவும் தீர்ந்ததும் தங்கள் புருஷன்மார்களைப் பாடத் தொடங்கினார்கள், குறட்டையையும் கஞ்சத்தனத்தையும் மாமியாரிடம் போய்ச் சொல்லிக் கொடுக்கும் வாயையும் ஒவ்வொருத்தியாய் அடி அடியாய்ச் சேர்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, கைதட்டிச் சுற்றி வந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில்தான் அப்படிப் பாட முடியும்.

கதிர் பால் பிடித்த வாரத்தில் சிட்டுக்குருவிகள் வந்தன. வராந்தா வழியே ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து, வாசலில் தயங்கி, பிறகு உள்ளே போயின. பெண் குருவி மட்டும்தான் போகிறது, ஆண் குருவி கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். இருளாயி அதைப் பார்த்தாள். அது உண்மைதான்.

நாற்பத்தைந்தாம் நாள், படுக்கையில் கிடப்பவர்களை மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ், போன மாதம் லீவில் இருந்தவள், வந்தாள். பெண் என்பதால் தடையில்லை. பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சோளத்துக்கு நடுவே நுழைந்து போனவள், வெகுநேரம் கழித்து, தலைமுடியில் கம்பம்பூவோடு வெளியே வந்தாள். அவள் முகத்தில் பயிரைப் பற்றி எதுவுமே இல்லை.

"அம்மா, அவரு சோறு தின்னு எத்தன நாளாச்சு?"

இருளாயி விரலை மடக்கிப் பார்த்து, தெரிந்த கணக்கையே தெரியாதவள்போல் நின்றாள்.

"கைய ரெண்டு விரலால சுத்திப் பிடிக்க முடியுது. மூட்ட தூக்கின கைம்மா அது. இன்னும் பத்து நாள் இப்படியே போச்சுன்னா, அடுத்த மாசம் நான் இங்க வரவே வேண்டியதில்ல. என்னன்னு கேட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் இருளாயி.

நர்ஸ் போன பிறகு அவள் குடம் இல்லாமல் உள்ளே போனாள். சேலையை விலக்கினாள். நாற்பத்தைந்து நாளாய்த் தட்டையும் சொம்பையும் கழிவுச் சட்டியையும் சேலைக்கு அடியிலேயே தள்ளி வாங்கிய கை, இப்போதுதான் சேலையை விலக்குகிறது என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. சன்னாசி கண்ணை மூடியிருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. நாலாப் பக்கமிருந்தும் வெளிறிய கதிர்கள் குனிந்து அவன் நெற்றிக்கு மேல் வந்து நின்றன, தொட்டில் கட்டியதுபோல. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், சட்டிகளுக்கு இடையில் இருந்த ஒரு சாண் இடத்தில் ஒடுங்கிப் படுத்தாள். கீழே இருந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரையே இல்லை. பயிர் எழும்பி எழும்பி எங்கோ போய்க்கொண்டிருந்தது. இவன் இதைத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"நான் சொன்னது தப்புங்க" என்றாள். "அம்புட்டுப் பேரு வாசல்ல வந்து கேக்கவும் தல சுத்திப்போச்சு. அந்தக் கிறுக்குல சொல்லிப்புட்டேன்."

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு சட்டியைத் தொட்டு அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

ஜெசிந்தாவின் அடுப்படியில் அன்று அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள், போதும் என்று ஜெசிந்தா சொல்லும் வரை.

"மன்னிப்பு கேட்டேன். எறங்கல."

"யாருக்கு முன்னால கேட்ட?"

"அவருக்கு முன்னாலதான். வேற யாருக்கு முன்னால?"

ஜெசிந்தா வேர்ப்பின்னலை ஒதுக்கிவிட்டுக் குழம்பைக் கிளறினாள். அவள் கேட்ட கேள்வியால் இருளாயிக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று. இருபத்தோரு பேருக்கு முன்னால் விட்ட வார்த்தை அது. அத்தனை பேருக்கு முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆம்பளை இருந்த வீட்டில் முளைப்பாரி போட்டாள், தெரிந்தே பொய் சொன்னாள், நூற்று அறுபது வீட்டுக் காப்பையும் கெடுத்தாள் என்பார்கள். இனி இந்த பிளாக்கில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்காவது மாடியின் கடைசி வீட்டைத்தான் பார்ப்பார்கள். இந்த நாற்பத்தைந்து நாளில் தண்ணீர்க் குழாயில் அவளுக்கு முன்னால் குடம் வைத்தவர்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டிருந்தார்கள். மாவரைக்கும் கடையில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அதெல்லாம் போகும்.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை, பெண்கள் வந்து, பயிருக்கு நடுவே கிடைத்த இடத்தில் வளைந்து நின்று, பஞ்சவர்ணம் முதல் அடியை எடுக்க வாய் திறந்தபோது, இருளாயி நீலச் சேலையை முடிச்சோடு அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"மதினி, நிறுத்துங்க. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்த வீட்டுல ஆம்பள இருக்கு. மொத நாளுலருந்து இருக்கு. பேரு சன்னாசி. எம் புருஷன். அவரு கட்டிலும் இல்ல, பீரோவும் இல்ல. எனக்கு மரியாத கெடைக்குதேன்னு அவர நான் இல்லாம ஆக்கிட்டேன். காப்பு கெட்டுப்போயிருந்தா அது எந்தலையில விடியட்டும்."

கை தட்டத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. குருவிகள் கொத்துவதை நிறுத்தின. பஞ்சவர்ணம் இருளாயியைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. ஆனால் அது கோபத்தின் சிவப்பாக இல்லை.

"அப்ப இத்தன நாளு நாங்க ஒரு ஆம்பளைக்கு முன்னாலயா கும்மி கொட்டுனோம்?"

"ஆமா மதினி."

"எம் புருஷன் பல்லுச்செட்டப் பத்திப் பாடுனேனே, அது?"

இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது கட்டிலிலிருந்து, வெகுநாள் திறக்காத கதவு கிறீச்சிடுவதுபோல், ஒரு குரல் வந்தது.

"கேட்டேன் மதினி. அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாலாவது அடியில எல்லாரும் தடுமாறுறீங்க. நீங்க மூச்ச முன்னாலயே விட்டுர்றீங்க. மூச்சு போனா அப்புறம் பாரம் நிக்காது."

யாரோ ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்தது. அது பக்கத்தில் இருந்தவளைத் தொற்றி, அடுத்தவளைத் தொற்றி, இருபத்தோரு பெண்களும் பயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பயிரும் அவர்களோடு ஆடியது. பஞ்சவர்ணம் மட்டும் சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்து, யோசித்து, தீர்ப்பைச் சொன்னாள்.

"ஆம்பள இருந்த வீட்டுல இம்புட்டு வெளஞ்சிருக்குன்னா, ஆத்தாவுக்கு அதுல ஆட்சேபன இல்லேன்னுதான அர்த்தம்? இவதான் அவர கணக்குல விட்டா. ஆத்தா விடல." பிறகு இருளாயி பக்கம் திரும்பி, "உங்கிட்ட எனக்குத் தனியாப் பேச்சு இருக்கு. அத நாளைக்கு வச்சுக்குவோம்" என்றாள். குனிந்து தன் சட்டியின் கழுத்தைப் பிடித்தாள். சட்டி, காலைத் தூக்கத்திலிருந்து எழும் பிள்ளைபோல், கையோடு வந்தது.

"நானும் வர்றேன்" என்றான் சன்னாசி.

கட்டில் படியில் திரும்பாது. ஜெசிந்தா தன் வீட்டு மர நாற்காலியைக் கொண்டுவந்தாள், இரண்டு மூங்கிலை அதன் கைக்குக் கீழே கொடுத்துக் கயிற்றால் கட்டினார்கள். ஆண்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள், உதவட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இது முளைப்பாரியோடு போகிற பாரம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். முன்னால் இருளாயியும் சட்டி இல்லாத இன்னொருத்தியும், பின்னால் அப்படியே இரண்டு பேர். அவர்களுக்கு முன்னும் பின்னும், தலையில் ஆளுயரப் பயிரைச் சுமந்த பெண்கள், படிக்கட்டுக் கூரையில் கதிர் உரச உரச இறங்கினார்கள்.

அவன் எடை ஒன்றும் இல்லை. ஆனாலும் முதல் படிக்கட்டிலேயே நால்வரும் தள்ளாடினார்கள். நாற்காலியிலிருந்து அவன் சொல்லிக்கொண்டே வந்தான், உரக்க இல்லை, இருபத்திரண்டு வருஷம் கூட வந்த ஆட்களுக்குச் சொன்ன அதே குரலில். "எறங்கும்போது முன்னால இருக்கறவங்க தோள ஏத்திப் பிடிங்க, பின்னால இருக்கறவங்க எறக்குங்க. அப்படி. மூச்ச அடக்காதீங்க, கால் வைக்கும்போது விடுங்க. திருப்பம் வருது. உள்பக்கம் நில்லுங்க, வெளிப்பக்கம் நடங்க. நடங்க. போதும்." பாரம் சொல்பேச்சுக் கேட்கத் தொடங்கியது. அவர்கள் ஒரே காலாய் இறங்கினார்கள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பி வலை வழியாகச் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அவனும், நாற்பத்தெட்டு நாளாகப் பயிரும் பார்க்காத வெயில். பயிர்கள் அதில் நுழைந்ததும், அடுப்பிலிட்ட பால் நிறம் மாறுவதுபோல், மெதுவாகப் பொன்னாயின.

"எறக்குங்க" என்றான்.

இறக்கினார்கள். பஞ்சவர்ணம் அவன் பக்கத்தில் நின்றாள், தலையில் நெற்கதிரோடு. அவன் கையை நீட்டினான், எட்டவில்லை. கரைக்கப் போகும் முளைப்பாரியில் ஒரு மணியையும் யாரும் தொடக் கூடாது. பஞ்சவர்ணம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஒன்றும் தெரியாதவள்போல், முழங்காலைக் கொஞ்சம் மடித்துத் தணிந்து கொடுத்தாள். அவன் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

பசித்தவன் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று இருளாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெற்றிலை துப்பிய கறையும், யாரோ கரியால் எழுதிய போன் நம்பரும் இருந்த சுவர். பின்னால் பல்லில் அரிசி உடையும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இன்னொரு கதிரை உருவும் சரசரப்பு. அவள் அந்த நம்பரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ புள்ள."

அவள் திரும்பினாள். அவன் வாயோரம் வெள்ளையாய் இருந்தது.

"தோளுக்கு ஏதாச்சும் மடிச்சு வச்சுக்க. இன்னும் ரெண்டு மாடி இருக்கு, மூங்கிலு அறுக்கும்."

அவள் முந்தானையை நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, மூங்கிலுக்குக் குனிந்தாள்.